அண்டை வீட்டாரும் அயல் மொழியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் மாலையில் நெடிய உரை எவருக்கும் உவப்பதன்று. அதிலும், பள்ளி இறுதி வகுப்போடு நின்று, நாள் முழுதும் பார்சல் ஆபீஸ் பேரேடுகளோடு காலம் கழிக்கும் எங்களைப் போன்றார் மொழி பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாகவும் இருக்கலாம். இலக்கணம் பேச நாங்கள் வரவில்லை. கரக்பூரின் இந்த இரயில்வே காலனியில் மூன்று ஆண்டுகளாக ஞாயிறு மாலைதோறும் கூடிவரும் நண்பர் அறுவர், ஒருவர் மொழியை மற்றவர் எவ்வாறு கற்றுவருகிறோம் என்பதைச் சொல்லவே வந்தோம். அறுவரில் தமிழர் இருவர், வங்காளியர் இருவர், தெலுங்கர் ஒருவர், ஒடியர் ஒருவர். ஒடிய நண்பர் மாற்றலாகிச் சென்றுவிட்டபடியால் இப்போது கைபேசி வழியே கலந்துகொள்கிறார்.

நம் ஊரை அயலார் அதன் நடைமேடையால் அறிவர். 1,072 மீட்டர் நீளமுள்ள அம்மேடை, உலகிலேயே நீண்டது என்னும் பெருமையை 2013-இல் கோரக்பூருக்கு விட்டுக்கொடுத்தது. 2023-இல் ஹூப்ளி அதனையும் முந்திற்று. ஆயினும் அம்மேடையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பவர் செவியில் விழும் மொழிகளின் எண்ணிக்கையில் நம் ஊர் எவர்க்கும் இளைத்ததன்று என்பது எங்கள் எண்ணம். இருந்தும் நம்மவர் பலர் இருபது ஆண்டு இங்கு வாழ்ந்தும், காய்கறிக் கடைக்கு வேண்டிய வங்காளத்தோடு நின்றுவிடுகின்றனர்.

எங்கள் கூட்டம் உண்மையில் பெண்டிரால் தொடங்கியது. ஒரு கோடைக் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் உண்டுகொண்டிருந்ததைக் கண்ட பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மையார், ‘இது எங்கள் பாந்தா பாத் அன்றோ!’ என்று வியந்தார். ஒடிய நண்பர் வீட்டில் அதுவே பகாளா. பின்னர் முருங்கைப் பூவைப் பொரித்து உண்ணும் வழக்கம் அவர்களிடமிருந்து நமக்கு வந்தது. கறிவேப்பிலைக் கன்று நம்மிடமிருந்து அவர்களுக்குச் சென்றது. அவர்கள் அரிசி மாவைக் கரைத்து இடும் ஆல்பனாவும் நம் மாக்கோலமும் ஒரே திண்ணையில் இடம்பெற்றன. ஆடவராகிய நாங்கள் சதுரங்கப் பலகையோடும், அஞ்சல் தலைத் தொகுப்போடும், வங்காள நண்பரின் தூண்டிலோடும் பிற்பாடு வந்து சேர்ந்தவர்களே.

கற்கும் முறை எளிது. அன்றன்று நடந்ததை ஐந்து வாக்கியங்களில் பிறர் மொழியில் எழுதி அனுப்ப வேண்டும். என்ன சமைத்தோம், தோட்டத்தில் என்ன பூத்தது, எந்த வண்டி எத்தனை மணி தாமதம், அவ்வளவே. படிப்பவர் ஒரேயொரு பிழையை மட்டும் திருத்தி அனுப்புவார். ஐந்து பிழையையும் திருத்தினால் மறுநாள் கடிதம் வாராது என்பது வங்காள நண்பர் ஒருவர் கண்ட உண்மை. அவர் ஆசிரியர் வேலை பார்த்த குடும்பத்தினர். எழுத்துக் கற்க, வித்யாசாகர் 1855-இல் எழுதிய வர்ணபரிசய் என்னும் அரிச்சுவடியை வாங்கினோம். அவர் பிறந்த பீர்சிங்கா இன்று நம் மாவட்டத்திலேயே உள்ள சிற்றூர் என்பது இங்குள்ள இளைஞர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

வங்காளத்தைக் கண்டு தமிழர் அஞ்ச வேண்டுவதில்லை. சொற்கள் நம் வாக்கியத்தில் நிற்கும் வரிசையிலேயே பெரும்பாலும் நிற்கின்றன. வினை கடைசியில் வரும். வினைச்சொல்லில் ஆண்பால் பெண்பால் என்னும் தொல்லையே இல்லை. உச்சரிப்பில்தான் கருத்து வேண்டும். அகரம் பெரும்பாலும் ஒகரம் போல ஒலிக்கும், வகரம் பகரமாகும். ‘விவேகானந்தர்’ அங்கே ‘பிபேகானந்தோ’. நம் ‘லக்ஷ்மி’ அவர்களுக்கு ‘லோக்கி’. நாம் நீரைக் குடிக்கிறோம், அவர்கள் உண்கிறார்கள். சிகரெட்டையும் உண்கிறார்கள்! விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாமல் ‘ஆஷி’, அதாவது ‘வருகிறேன்’ என்கிறார்கள். இதனை முதன்முதல் கேட்ட அன்று, நம் ஊர்ப் பாட்டிமார் எவரோ இங்கு வந்து சொல்லிக் கொடுத்தார் போலும் என்று நாங்கள் நகைத்து மகிழ்ந்தோம்.

இந்தியில் பால் வேறுபாடு இடர் தரும் என்பது மெய்யே. அதற்கு நிலைய ஒலிபெருக்கியே நல்லாசிரியர். வண்டி ‘ஆ ரஹீ ஹை’ என்று நாள்தோறும் நூறு முறை கேட்டவர், ‘காடி’ பெண்பால் என்பதை எங்ஙனம் மறப்பார்?

தமிழ் கற்கும் அவர்கள் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். ஒரே ககரம் ஓரிடத்தில் ஒருவாறும் வேறிடத்தில் வேறுவாறும் ஒலிப்பது அவர்களைத் திகைக்கவைத்தது. ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேற்றுமை அதனினும் கடிது. வங்காளத்தில் இரண்டுக்கும் ‘ஆம்ரா’ ஒன்றே. தெலுங்கு நண்பர் ‘மனம்’, ‘மேமு’ என்று தம் மொழியைக் காட்டி விளக்கிய பின்னரே அவர்களுக்குத் தெளிந்தது. அன்றிலிருந்து காலனியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்கள் வேண்டுமென்றே ‘நாம்’ என்கின்றனர்.

எம்மொழி மூத்தது என்னும் பேச்சு மட்டும் எங்களிடையே எடுக்கப்படுவதில்லை. தமிழுக்கு 2004-இலும், தெலுங்குக்கு 2008-இலும், ஒடியாவுக்கு 2014-இலும், வங்காளத்துக்கு 2024-இலும் செம்மொழித் தகுதி கிடைத்துவிட்டபடியால் அவ்வழக்கு முடிந்தது என்று வைத்துக்கொண்டோம்.

இனி எங்கள் நெஞ்சில் உள்ளதைச் சொல்கிறோம். நம் காலனிப் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் வங்காளமும் எழுதுகிறார்கள். தமிழைப் பேசுகிறார்கள், அவ்வளவே. பாட்டிக்குக் கைபேசியில் ஆங்கில எழுத்துகளைக் கோத்துத் தமிழ் அனுப்புகிறார்கள். ஊரிலுள்ள பாட்டிக்கு அவ்வெழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் பள்ளியிலிருந்து திரும்பும்வரை பேத்தியின் சொல்லை அறியாமல் காத்திருக்கிறாள். எங்கள் இல்லத்திலும் இதுவே நிலை. எத்தனை சொல்லியும் மகள் ‘அ, ஆ’ பக்கம் திரும்பவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய வங்காள நண்பர் சிலேட்டுடன் வந்து, ‘அம்மா, எனக்கு நீ சொல்லிக் கொடு’ என்று அவளிடமே கேட்டார். பிறருக்குக் கற்பிக்க வேண்டித் தானும் கற்றாள். அவர் ழகரத்தை வென்றாரில்லை. அவள் இன்று பாட்டிக்கு முழுப் பக்கக் கடிதம் எழுதுகிறாள். சந்திப்பிழைகள் உண்டு. பாட்டி அவற்றைத் திருத்துவதில்லை. கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறாள் என்று செய்தி வந்தது.

தாய்மார்களுக்குத் தனியே ஒன்று. கணவர் இரவு வண்டியில் பணிக்குச் சென்றிருந்தபோது, நம் குடும்பங்களுள் ஒன்றில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்புக் கண்டது. அந்தத் தாய் சுவருக்கு அப்பால் நின்று வங்காளத்தில் நான்கு சொற்கள் கூவினார். வேண்டிய நான்கு சொற்கள் அவரிடம் இருந்தன. குழந்தையும் உரிய நேரத்தில் மருத்துவரிடம் சேர்ந்தது.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூடத்தின் பின்னறையில் கூடுகிறோம். கட்டணம் இல்லை. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொணர்க. பெரியவர்களுக்கு வங்காள நண்பர்கள் கற்பிப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்க, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நால்வர் தேவைப்படுகின்றனர். பெயர் கொடுக்க விழைவோர் நாடகம் முடிந்ததும் வாயிலருகே எங்களைக் காணலாம்.