பெருநகர வாழ்வும் மனநிறைவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

பெருநகரில் வாழ்வோர் நாளடைவில் மகிழ்ச்சியை இழந்துவிடுகின்றனரா என்பது இன்று நமக்கு இடப்பட்ட பொருள். இது வெறும் பட்டிமன்றப் பொருளன்று. இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் குடும்பங்களுள் பெங்களூருக்கு ஒருவரையேனும் அனுப்பாத குடும்பம் அரிது. மகன் அங்கே குடியேறி, "நீங்களும் வந்துவிடுங்கள்" என்று அழைக்க, போவதா இருப்பதா என்று உறக்கமின்றிக் கிடக்கும் பெற்றோர் சிலர் இவ்வவையிலேயே இருக்கின்றனர். அவர்களை மனத்திற்கொண்டே பேச விழைகிறோம்.

நகரம் என்பது தமிழர்க்குப் புதியதன்று. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, பல மொழி பேசுவோர் கலந்து இனிதுறைந்த காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை அடுக்கடுக்காய்ச் சொல்லிச் செல்கிறது. ஆனால் அப்பாட்டின் தலைவன் கூறுவது யாது? அத்தகைய பட்டினமே கைக்கு வருவதாயினும் தன் காதலியைப் பிரிந்து வரமாட்டேன் என்பதே. நகரத்தின் பெருமையை அவன் மறுக்கவில்லை. அதற்காகத் தரவேண்டிய விலையையே எண்ணிப் பார்க்கிறான். நமது வினாவையும் இவ்வாறு கேட்பதே நன்று என்பது நம் கருத்து.

நம் முன்னோர் வந்த கதையை நினைவு கூர்வோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வட ஆர்க்காட்டுச் சீமையினின்றும் சேலம், சித்தூர்ப் பகுதிகளினின்றும் நம் பாட்டன்மார் மூட்டை முடிச்சுகளோடு வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கவும் உரிமையற்றிருந்த மக்கள். அவர்கட்கு இவ்வூரே பெருநகரமாக விளங்கிற்று. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் இங்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்! மாதச் சம்பளம் கிடைத்தது; பள்ளிக்கூடம் கிடைத்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளைவிட்டது. அவர் மறைந்த பிறகு, நின்றுபோன 'தமிழன்' இதழ் இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. பிறந்த ஊரில் தலைநிமிர முடியாதவன் இங்கே தலைநிமிர்ந்தான். ஆகவே நகரம் மனிதனை வாட்டுகிறது என்று எவரேனும் பொதுப்படக் கூறின், தங்கவயல் தமிழன் அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளலாகாது.

அதற்காக அந்நாளைய லைன் வாழ்வைப் பொன்னுலகமாகப் போற்றவும் நாம் ஒருப்படோம். தட்டி வைத்துக் கட்டிய ஒற்றை அறையில் எட்டுப் பேர். பொதுக் குழாயில் வரிசை. பூமிக்கடியில் பாறை வெடித்தால் மாடத்துப் பாத்திரங்கள் உருண்டு விழும்; 'ஏர் பிளாஸ்ட்' என்று கூவிக்கொண்டு பெண்கள் சுரங்க வாய்க்கு ஓடுவர். கல்தூசு நெஞ்சில் படிந்து இருமியே மாண்டவர் எத்தனை பேர்! எனினும் ஒன்று சொல்லவேண்டும். கூண்டில் இறங்கிய கணவன் மீளவில்லையெனில், அன்றிரவு அவ்வீட்டில் அடுப்பு மூட்டவேண்டிய தேவை இராது. இரு பக்கத்து வீடுகளினின்றும் சோறு வந்துவிடும். துக்கம் இருந்தது, தனிமை இல்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிய மேலைநாட்டு அறிஞர் நெடுங்காலம் முயன்றுள்ளனர். 1903இல் ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சிம்மல், ஓயாத காட்சிகளும் ஓசைகளும் மோதும் பெருநகரில் மனிதன் தன் மனத்தைக் காத்துக்கொள்ளவே ஒருவகைப் பராமுகத்தை மேற்கொள்கிறான் என்றெழுதினார். 1938இல் சிகாகோவின் லூயி விர்த், மக்கள்தொகை பெருகி நெருங்கி வேறுபடுந்தோறும் உறவுகள் மேலெழுந்தவாரியாகிவிடும் என்றார். பின்னர் ஹெர்பர்ட் கான்ஸ் என்பார் பாஸ்டன் நகரின் மேற்குமுனையில் குடியிருந்து பார்த்தார். இத்தாலியினின்றும் வந்த உழைப்பாளர் குடும்பங்கள் அங்கு நகரின் நடுவிலேயே சிற்றூரார்போல உறவாடி வாழ்ந்தனர். அவர்களை 'நகரத்துக் கிராமத்தார்' என்று தம் 1962ஆம் ஆண்டு நூலுக்குப் பெயரிட்டார். அக்குடியிருப்பைச் சேரி என்று சொல்லி அரசினர் இடித்துவிட்டனர். வேறிடம் சென்ற மக்களை மார்க் ஃபிரீட் என்னும் உளநூலார் ஆராய்ந்தபோது, பலர் இறந்தவர்க்கு அழுவது போலவே இழந்த தெருவுக்கு நெடுநாள் அழுதிருக்கக் கண்டார். 2001 பிப்ரவரி 28இல் நம் சுரங்கம் மூடப்பட்டபோது இங்கிருந்தோர்க்கு இதை விளக்கவேண்டுவதில்லை.

ஆக, பெருநகரத்தின் உள்ளேயும் ஊர் இருக்கக் கூடும். சிற்றூரிலும் ஊர் அழிந்துபோகக் கூடும்.

நம் சொந்த வாழ்விலிருந்து சிறிது சொல்ல அவை பொறுத்தருள்க. சுரங்கம் மூடிய மறு ஆண்டு நாம் குடும்பத்தோடு பெங்களூர் சென்றோம், பதினோராண்டு அங்கிருந்தோம். முதலாண்டு எல்லாமே இன்பம்: நினைத்த பொழுது பஸ், பிள்ளைகட்கு நல்ல கல்வி, நமக்கும் ஒரு வேலை. அந்நகரமோ நாளொரு மேனியாய் வளர்ந்துகொண்டிருந்தது. 2001இல் ஏறத்தாழ 57 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 2011இல் 85 இலட்சமாயிற்று. நாம் குடியேறிய தெருவில் பத்தாண்டுகளில் எதிர்வீட்டார் ஐந்து முறை மாறினர். எட்டாம் ஆண்டில் நாம் நோயுற்று மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தோம். மீண்டு வந்தபோது எதிர்வீட்டு நண்பர், "ஊருக்குப் போயிருந்தீர்களா, சார்?" என்று அன்போடு வினவினார். அவர் நல்லவர். அறிந்திருந்தால் ஓடி வந்திருப்பார். அறிவதற்கு வழியில்லை, அவ்வளவே. அன்றிரவு நம் இல்லத்தரசியார் முதன்முறையாக, "திரும்பிப் போய்விடலாமா?" என்றார்.

ஆயினும் நம் உடன்பிறந்தார் மகள் ஒருத்தி, ஒயிட்ஃபீல்டில் பணிபுரிபவள், இக்கதையைக் கேட்டுச் சிரிக்கிறாள். "பெரியப்பா! எங்கே போகிறாய், எப்போது வருவாய், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாரும் கேட்காத தெருவில் இருப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்கிறாள். நமக்குத் துயராகத் தோன்றிய அதே பராமுகம் அவளுக்கு விடுதலையாகத் தோன்றுகிறது. அவளை மறுக்க நம்மிடம் சொல்லில்லை. நம் பாட்டனும் ஆர்க்காட்டை விட்டுப் புறப்பட்டபோது இவ்விடுதலையைத் தேடியன்றோ வந்தார்! அவள் அறுபது வயதில் யாது சொல்வாள் என்பதை அப்போது இச்சங்கத்தில் பேசுவோர் கேட்டறிக.

இவற்றினும் நம்மை வருத்துவது மற்றொரு கூட்டத்தாரின் நிலை. அவர்கள் நகரத்திலும் வாழவில்லை; ஊரிலும் வாழவில்லை; ரயிலில் வாழ்கின்றனர். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை, மாலூர், கிருஷ்ணராஜபுரம் என்று நின்று நின்று பெங்களூர் சேர்ந்து, இரவில் அவ்வாறே மீள்கின்றனர். வீட்டு வாசலினின்று வேலை வாசலுக்கு ஒருவழிக்கு இரண்டரை மணி என்று வையுங்கள். நாளொன்றுக்கு ஐந்து மணி. ஆண்டில் முந்நூறு நாளுக்கு 1,500 மணி. இரவும் பகலுமாக அறுபத்திரண்டு நாள்! ஆண்டில் இரண்டு திங்கள் அவர்கள் வண்டிப்பெட்டியில் கழிக்கின்றனர். சுவிட்சர்லாந்தின் ஸ்டட்சர், ஃபிரே என்னும் பொருளியலார் இருவர் ஜெர்மானியக் குடும்பங்களின் பல்லாண்டுக் கணக்குகளை ஆராய்ந்தனர். நெடுந்தொலைவு பயணம் செய்வோர் தம் வாழ்வில் குறைந்த நிறைவே காண்கின்றனர் என்றும், கூடுதற் சம்பளமோ குறைந்த வாடகையோ அவ்விழப்பை ஈடுசெய்வதில்லை என்றும் 2008இல் வெளியிட்டனர். குழந்தை உறங்கிய பின் வீடு திரும்பும் தந்தையைக் கேட்டால், கணக்கின்றியே இதைச் சொல்வார்.

அவ்வண்டியில் சீட்டாட்டம் உண்டு, பஜனை உண்டு, பிறந்தநாள் கொண்டாட்டமும் உண்டு, ஒரு நாள் வராதவனை மறுநாள் "என்னப்பா ஆயிற்று?" என்று கேட்போரும் உண்டு. பழைய லைன் இப்போது சக்கரத்தின்மேல் ஓடுகிறது என்று நாம் சில வேளை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அதில் மனைவி மக்கட்கு இடமில்லை.

போகலாமா என்று நம்மிடம் வினவும் பெற்றோர்க்கு நாம் வழக்கமாகச் சொல்வது இதுவே: போகுமுன் ஒரு திங்கள் அங்குத் தங்கிப் பாருங்கள். வீட்டின் பரப்பையும் வாடகையையும் கேட்பதோடு, நடந்து போகும் தொலைவில் உம்மைப் பெயர் சொல்லி அழைப்பார் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இருவரேனும் இருப்பின் போகலாம். ஒருவருமில்லையெனில், மகனை ஞாயிறுதோறும் வரச்சொல்வது மேல். பெங்களூரில் ஒரே வட்டாரத்தில் குடியிருக்கும் தங்கவயலார் பெயர்களைத் திரட்டி ஓர் ஏடு வைக்கவும் நம் செயலாளர் இசைந்துள்ளார். வெளியே மேசைமீது நோட்டுப் புத்தகம் இருக்கிறது; மக்களின் பெயரையும் தெருவையும் எழுதிச் செல்க.

விழாவை ஏன் இவ்வளவு தாமதமாகத் தொடங்கினீர்கள் என்று சில தாய்மார்கள் குறைப்பட்டுக்கொண்டதாக அறிந்தோம். மாலை வண்டி வந்து சேர்வதற்காகவே காத்திருந்தோம். இன்றைக்கும் அது பங்காருப்பேட்டையில் நிற்கிறதாம். பின்வரிசை நாற்காலிகளை யாரும் எடுத்துவிட வேண்டாம்.