அநுஷ்டானமும் அந்தரங்கமும்



சரித்திரம் கற்பவர் எவரும் முதலில் கைக்கொள்ள வேண்டிய விநயம், பிற காலத்து மாந்தரை நம் காலத்து அளவுகோலால் அளந்து தீர்ப்புக் கூறாதிருப்பது. சமய விஷயத்தில் இது எவ்வளவு அவசியம் என்பதைப் பண்டைய ரோமாபுரியைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

கி.மு. 176இல் லத்தீன் நகரத்தார் ஒன்றுகூடி ஜுப்பிட்டருக்கு எடுத்த விழாவில், லனுவியம் நகரத்து அதிகாரி ஒருவர் ரோமானிய மக்களுக்காகச் சொல்ல வேண்டிய பிரார்த்தனையைச் சொல்லாது விட்டார். செய்தி செனட் சபைக்கு எட்ட, சபை அதனைப் புரோகிதர் குழுவிடம் அனுப்ப, விழாவை மறுபடி நடத்துவதென்றும், அதற்குரிய பலிகளை லனுவியத்தாரே அளிப்பதென்றும் முடிவாயிற்று. அவ்வதிகாரியின் உள்ளத்தில் பக்தி இருந்ததா என்பதன்று அங்கே எழுந்த கேள்வி. சொல்ல வேண்டியது சொல்லப்பட்டதா என்பதே. வாசகத்தை ஒருவர் முன்னே படித்துக் கொடுக்க, மற்றொருவர் அமைதி காக்கும்படி ஆணையிட, அபசகுனமான ஓசை எதுவும் செவியில் விழாதபடி குழலும் ஒலிக்க நடந்தவை ரோமரின் பொதுச் சடங்குகள்.

இதனை வெறும் சம்பிரதாயம் என்று நாம் தள்ளிவிடலாகாது. தேவர்களோடு சமாதானம் என்பது, கோட்டை மதிலைப் போல், ஊரார் அனைவருக்கும் உரிய பொதுக் காவலாகவே அவர்களுக்குத் தோன்றிற்று. அதனாலேயே, கி.பி. 112ஐ ஒட்டி பித்தினியா மாகாணத்தை ரோமானிய ஆளுநராய் ஆண்ட பிளினி, கிறிஸ்தவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர் அதனை மறுத்தபோது, சக்கரவர்த்தியின் உருவத்தின்முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைக்கச் சொல்லிச் சோதித்தார். அவர் மெய்யாய்க் கருதிய சான்று செயலே. உள்ளத்து விசுவாசத்தையே உயிரினும் மேலாக மதித்தவர்களோ அச்செயலுக்கு இணங்காது மாண்டனர்.

பல நூற்றாண்டுகளுக்குப்பின், 1689இல் வெளிவந்த சகிப்புத்தன்மை பற்றிய கடிதத்தில், ஆன்மாவின் நம்பிக்கை அரசதிகாரத்தின் கைக்கு எட்டாதது என்று ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் வாதித்தார். மனச்சாட்சிக்கு நாம் இன்று அளிக்கும் கௌரவம் அத்தகைய நெடும் போராட்டத்தின் பலன். அதை ஒருபோதும் இழக்கலாகாது. ஆயினும் நம்பிக்கை தனிமனிதனின் அந்தரங்கமாகியபோது, எல்லோரும் சேர்ந்து, பிழையின்றி, பிறர் நலனுக்காகச் செய்யும் கர்மம் என்ற கட்டுப்பாடு தளர்ந்தது.

ஆதலின், மாணவ மணிகளே, எவர் உள்ளத்தையும் வற்புறுத்தாத புதிய காலத்துப் பண்பையும், பொதுக் கடமையில் ஒரு சொல்லும் வழுவாத பழைய காலத்துச் சிரத்தையையும் ஒருங்கே உடையவர்களாய் வாழுங்கள். நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் உங்களை நம்பி நிற்போருக்கு நீங்கள் செய்யும் பணி அத்தகையதாகுக!