ஞாயிறு செய்த பிழைக்குத் திங்கட்கிழமைப் பிழைப்பா?

(அரநாயக்கவில் லொறிச் சாரதிகளும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டைப் பையில் அடங்கும் சிறியதோர் அட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாரதி அனுமதிப்பத்திரம் என்பது அதன் பெயர். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வகுப்பு, காருக்கு ஒரு வகுப்பு, பாரமான லொறிக்கு ஒரு வகுப்பு என அதிலே பல வகுப்புகள் குறிக்கப்பட்டுள்ளன. வகுப்புகள் பல, அட்டையோ ஒன்றே! ஞாயிற்றுக்கிழமை சொந்த மோட்டார் சைக்கிளில் கோயிலுக்குப் போகிறவனும், திங்கட்கிழமை கொழுந்து லொறியை ஓட்டுகிறவனும் ஒருவனே அல்லவா? ஆகவே, ஞாயிறு செய்த பிழையினால் அட்டை கைவிட்டுப் போகுமானால், திங்கட்கிழமைப் பிழைப்பும் அதனோடு போகிறது.

காகிதம் ஒன்றின் விலை என்னவென்று மலையகத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் குறை தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை காத்திருந்தோம். அத்தகைய சமுதாயத்தில் பிறந்த ஓர் இளைஞன், லயத்து வாழ்வினின்று வெளியேற ஏறிய முதற்படி இந்தச் சாரதித் தொழில். அந்தப் படி எதனால் வழுக்குகிறது என்பதை நாம் ஆராய வேண்டும்.

சட்டத்தின் நடைமுறையை முதலிற் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களுமே இன்றும் நம்மை ஆளுகின்றன. வீதியிலே சிறு குற்றத்துக்குத் தண்டச் சீட்டு எழுதும் பொலிஸார், அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, 14 நாட்களுக்குச் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதியைத் தருவது நெடுநாளைய வழக்கம். அந்த 14 நாட்களும் லொறி ஓட்டத் தடையில்லை. அதற்குள் தண்டப்பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அட்டை திரும்பிவரும். தவறினால் தண்டம் இரட்டிப்பாகும். 28 நாட்களும் கடந்தால் விடயம் நீதிமன்றம் செல்லும். 2025ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கவ்பே’ இணையவழி முறை இந்த அலைச்சலைக் குறைக்க வந்தது. ஆனால் வங்கிக் கணக்கும் கைபேசிப் பழக்கமும் இல்லாதவனுக்கு அதனாற் பயன் என்ன?

தோழர்களே! நாசம் விளைவது முதல் நாளில் அன்று, பதினைந்தாம் நாளில்! தண்டப்பணம் கட்ட வேண்டுமாயின் ஒருநாள் வேலையை விடவேண்டும். சொன்னால் முதலாளி சீறுவார் என்று அஞ்சி, காலாவதியான சீட்டுடன் லொறியில் ஏறுகிறான் சாரதி. அன்று வளைவொன்றில் விபத்து நேர்ந்தால், செல்லுபடியான அனுமதி இல்லை என்று கூறி இழப்பீடு தரக் காப்புறுதி நிறுவனம் மறுக்க இடமுண்டு. சிறு தண்டம் பெருங் கடனாகிறது. கடனோடு வேலையும் போகிறது.

இதனால், பிழை செய்த சாரதியைக் காப்பாற்றுங்கள் என்று நான் வாதிடுவதாக எண்ணவேண்டாம். 2025 மே 11ஆம் நாள் கொத்மலையிலே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைவீதியிலே ஒரு கணத்துக்கு எத்தனை உயிர் விலை என்பதை அது காட்டிற்று. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது நம் நாட்டு எல்லை. அதை மீறியவன் சொந்த வண்டியில் மீறினாலும் குற்றவாளியே. குடித்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்த கைதான், மறுநாள் லொறியின் சக்கரத்தையும் பிடிக்கிறது. நீதிமன்றம் அவனது அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தினால், அதைக் குறைகூற எனக்கு வாயில்லை.

ஆனால் அளவு வேண்டாமா? அமெரிக்காவைப் பாருங்கள். பாரவாகனச் சாரதி ஒருவன் தன் சொந்தக் காரை மதுபோதையில் ஓட்டித் தண்டிக்கப்பட்டால், தொழில் உரிமத்தை ஓராண்டுக்கு இழக்கிறான். வாகனத்தைத் தவறான இடத்தில் நிறுத்திய குற்றம் தவிர, எந்த வீதிக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டாலும் 30 நாட்களுக்குள் முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டவன். கடுமையான சட்டந்தான்! எனினும், எக்குற்றத்துக்கு எத்தனை நாள் உரிமம் போகும் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இங்கோ, தலைக்கவசம் அணியாத குற்றத்தையும் குடித்து ஓட்டிய குற்றத்தையும் ஒரே தராசில் இட்டு, “நாளை முதல் வரவேண்டாம்” என்று வாயாற் சொல்லி அனுப்பும் முதலாளிகள் இருக்கிறார்கள். தேய்ந்த டயரோடும் மிகைப் பாரத்தோடும் லொறியை அனுப்பிவிட்டு, அதற்கான தண்டத்தையும் சாரதியின் தலையிற் கட்டுவோரும் இருக்கிறார்கள். இது நீதியா?

மொழியின் கொடுமை இன்னொன்று. தண்டச் சீட்டும் வாக்குமூலமும் சிங்களத்தில் எழுதப்பட, வாசிக்க இயலாத தமிழ்ச் சாரதி கையொப்பம் இடுகிறான். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுத் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இப்பிரதேசத்திலும், அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஏட்டில் உறங்கும் அந்த உரிமையைக் கேட்டு எழுப்பவேண்டியவர்கள் நாமே.

விவசாய அன்பர்களே! சாரதிக்கு வந்த துன்பம் நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். பறித்த கொழுந்து அன்றே ஆலை சேரவேண்டும். இறப்பர் பால் சில மணி நேரத்திலேயே உறையத் தொடங்கும். லொறி நின்றால் உங்கள் உழைப்பும் நிற்கிறது.

ஆகவே கேட்கிறேன். சாரதிகளே, தண்டச் சீட்டை மறைக்காதீர், அன்றே முதலாளிக்குச் சொல்லுங்கள், 14 நாட்களுக்குள் கட்டுங்கள், பற்றுச்சீட்டைப் பேணுங்கள். விளங்காத எழுத்தின் கீழ்க் கையொப்பமிடாதீர். முதலாளிமாரே, தண்டம் கட்ட அரைநாள் விடுப்புக் கொடுங்கள். எக்குற்றத்துக்கு எச்சரிக்கை, எதற்கு நீக்கம் என்று எழுதி வையுங்கள். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, மாதம் ஒரு மாலை இந்தப் பத்திரங்களை வாசித்து விளக்க முன்வாருங்கள். நியாயமின்றி நீக்கப்பட்டவனைத் தொழில் நியாய சபைக்கு, காலக்கெடு கடக்குமுன் அழைத்துச் செல்வது தொழிற்சங்கத்தின் கடமை.

குற்றத்துக்குத் தண்டனை உண்டு, இருக்கட்டும். ஆனால் தண்டனை குற்றத்தின் அளவோடு நிற்கட்டும். அதற்கு மேல் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்க எவருக்கும் உரிமை இல்லை.