தட்டில் இருப்பது என்ன? உணவு மோசடியும் சாதியும்

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவு நாளில் பேச அழைத்தபோது, அரசமைப்புச் சட்டத்தைப் பற்றியோ இடஒதுக்கீட்டைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அமைப்பாளர்கள் நினைத்திருக்கலாம். நான் கறிக்கடையையும் மீன்கடையையும் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு இறைச்சியை இன்னொரு இறைச்சி என்று சொல்லி விற்பதும், மலிவான மீனுக்கு விலை உயர்ந்த மீனின் பெயரைச் சூட்டுவதும் உலகம் முழுக்க நடக்கிற மோசடி. பத்திரிகைகள் இதை நுகர்வோர் பிரச்சினை என்ற பக்கத்தில் போட்டு முடித்துவிடும். நம் நாட்டில் அது அந்தப் பக்கத்துக்குள் அடங்காது.

ஏன் அடங்காது என்பதற்கு அண்ணலிடமே ஆதாரம் இருக்கிறது. தீண்டத்தகாதவர்கள் யார், அவர்கள் எப்படித் தீண்டத்தகாதவர்கள் ஆனார்கள் என்று கேட்டு அவர் எழுதிய நூல் 1948இல் வெளிவந்தது. அதில் அவர் ஒரு அரசுச் சுற்றறிக்கையை எடுத்துக்காட்டுகிறார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 1910இல் கணக்கெடுப்பு ஆணையர் அனுப்பியது அது. இந்துக்கள் என்று எழுதப்படுகிறவர்களில் முழு இந்துக்கள் யார், அப்படி அல்லாதவர்கள் யார் என்று பிரிக்கப் பத்து அளவுகோல்களை அது கொடுத்தது. அவற்றில் ஒன்று, மாட்டிறைச்சி உண்கிறார்களா என்பது. ஒரு மனிதனின் தட்டைப் பார்த்து அவன் யார் என்று முத்திரை குத்தும் வேலையை ஒரு அரசாங்கமே செய்தது. இன்று நாம் உணவுப் பொட்டலத்தின் மேல் இருக்கும் முத்திரையைப் பற்றிப் பேசும்போது, மனிதர்கள் மேல் குத்தப்பட்ட அந்த முத்திரையையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

எழும்பூரில் ஒரு வால்

2018 நவம்பர் 17ஆம் தேதி. ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில், மீன் என்று பதிவு செய்யப்பட்ட தெர்மாகோல் பெட்டிகள் சென்னை எழும்பூர் நிலையத்தில் இறங்கின. திறந்து பார்த்தால் உள்ளே மீன் இல்லை, தோலுரித்த இறைச்சி. சுமார் 2,000 கிலோ. வால் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. அன்று மாலைக்குள் அது நாய்க்கறி ஆகிவிட்டது. தொலைக்காட்சிகளில் நாய்க்கறி, வாட்ஸ்அப்பில் நாய்க்கறி. தெருமுனை பிரியாணிக் கடைகளில் கூட்டம் குறைந்தது.

மாதிரிகள் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயின. சில நாட்களில் முடிவு வந்தது: அது ஆட்டிறைச்சி. ராஜஸ்தான் பக்கத்து ஆட்டுக்கு வால் கொஞ்சம் நீளம். அவ்வளவுதான் விஷயம்.

இதில் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இறைச்சியை மீன் என்று பதிந்து அனுப்பியது பொய். குளிரூட்டும் வசதி இல்லாமல் அத்தனை தூரம் இறைச்சியைக் கொண்டுவருவது உண்பவரின் உடல்நலத்தோடு விளையாடுவது. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவைதான்: யார் அனுப்பினார்கள், எந்த ஆட்டிறைச்சிக் கூடத்தில் வெட்டினார்கள், எந்தக் கால்நடை மருத்துவர் முத்திரையிட்டார், எந்த உணவகங்கள் வாங்கவிருந்தன? இந்தக் கேள்விகள் ஊடகத்தில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. வாலைப் பற்றிய பேச்சுதான் ஐந்து நாள் ஓடியது.

நம் ஊர்க் கறிக்கடையில் உரித்த ஆட்டை வாலோடுதான் தொங்கவிடுவார்கள். வெள்ளாடா, செம்மறியா என்று வாங்குகிறவர் வாலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். கடைக்காரர் தன் நேர்மைக்குக் காட்டும் சான்று அது. எழும்பூரில் அந்தச் சான்றே சந்தேகமாக மாறியது. ஏற்கெனவே மனதில் ஒரு தீர்ப்பு இருந்தால் எந்தச் சான்றும் அந்தத் தீர்ப்புக்கு ஏற்பத்தான் படிக்கப்படும்.

அந்தத் தீர்ப்பு நெடுநாளாக இருக்கிறது. 2002இல் வந்த 'ரன்' படத்தின் காக்கா பிரியாணி நகைச்சுவைக்கு நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். அதன் பிறகு பூனைக்கறி என்றார்கள், அந்தப் பழியை நரிக்குறவர் குடியிருப்புகள் மேல் போட்டார்கள். நட்சத்திர ஓட்டலில் காக்கா பிரியாணி போடுகிறார்கள் என்று யாராவது நகைச்சுவை எழுதினார்களா? தள்ளுவண்டியில், குறைந்த விலையில், பெரும்பாலும் முஸ்லிம்களும் தலித்துகளும் சமைத்து, உழைக்கும் மக்கள் வாங்கி உண்கிற உணவு பற்றித்தான் இந்தக் கதைகள் எல்லாம்.

குதிரைக்கறி போன பாதை

இப்போது ஐரோப்பாவைப் பார்ப்போம். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு ஆய்வு முடிவை வெளியிட்டது. மாட்டிறைச்சி பர்கர் என்று கடைகளில் விற்றவற்றில் 27 மாதிரிகளைச் சோதித்தார்கள். 10 மாதிரிகளில் குதிரையின் மரபணுவும், 23 மாதிரிகளில் பன்றியின் மரபணுவும் இருந்தன. டெஸ்கோ என்ற பெரும் அங்காடியின் ஒரு பர்கரில், மாட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் 29 சதவீதம் குதிரை. அடுத்த மாதம் பிரிட்டனில் ஃபைண்டஸ் நிறுவனத்தின் மாட்டிறைச்சி லசான்யாவில் சில மாதிரிகள் முழுக்கக் குதிரையாகவே இருந்தன.

அந்தக் குதிரைக்கறி போன பாதையைக் கவனியுங்கள். ருமேனியாவில் குதிரைக்கறி என்ற பெயரோடு சட்டப்படிதான் கிளம்பியது. சைப்ரஸில் பதிவு செய்த ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கில் ஏறியது. பிரான்சின் ஸ்பாங்கெரோ நிறுவனத்துக்கு வந்தது. லக்சம்பர்க் தொழிற்சாலையில் லசான்யா ஆனது. இந்த வழியில் ஓர் இடத்தில் குதிரை மாடாகிவிட்டது. இரண்டின் விலை வித்தியாசம் யாரோ ஒருவரின் பைக்குப் போனது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஸ்பாங்கெரோவின் முன்னாள் நிர்வாகி உள்ளிட்டோரைத் தண்டித்தது. பிரிட்டன் அரசு, பேராசிரியர் கிறிஸ் எலியட் தலைமையில் ஆய்வு நடத்தி, உணவுக் குற்றங்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவை உருவாக்கியது.

அங்கேயும் எல்லோரும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை. அதே பிப்ரவரியில், இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளுக்கு ஹலால் என்று அனுப்பிய உணவில் பன்றியின் மரபணு இருந்தது தெரியவந்தது. கடையில் வாங்குகிறவர் வேறு கடைக்குப் போகலாம். சிறையில் இருக்கும் முஸ்லிம் எங்கே போவார்? கொடுப்பதை உண்ண வேண்டிய இடத்தில் இருப்பவருக்குத்தான் பொய் முத்திரை மிகப் பெரிய அடி. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் படித்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தட்டில் விழுவது என்ன என்று கேட்ட மாணவரை எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முழு மீன் பொய் சொல்லாது

மீனில் இந்த மோசடி இன்னும் எளிது. அமெரிக்காவில் ஓசியானா என்ற அமைப்பு 21 மாநிலங்களில் 1,215 மீன் மாதிரிகளை வாங்கிச் சோதித்து 2013இல் அறிக்கை வெளியிட்டது. மூன்றில் ஒரு பங்கு தவறான பெயரில் விற்கப்பட்டது. ரெட் ஸ்னாப்பர் என்று விற்ற 120 மாதிரிகளில் உண்மையான ரெட் ஸ்னாப்பர் 7 மட்டுமே.

இது எப்படிச் சாத்தியமாகிறது? தலை, செவுள், செதில், துடுப்பு எல்லாம் இருக்கும் முழு மீன் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். தோலையும் முள்ளையும் எடுத்து வெள்ளைத் துண்டாக்கிவிட்டால் அதற்கு முகம் போய்விடுகிறது. பிறகு அதற்கு என்ன பெயரும் வைக்கலாம். குளத்தில் வளர்த்த பாசா மீன் துண்டுக்கு மசாலா தடவிவிட்டால், அது எந்தக் கடல் மீனின் பெயரிலும் மேசைக்கு வரலாம்.

காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ கூடையில் முழு மீன் வைத்து விற்கும் அம்மா இந்தப் பொய்யைச் சொல்லவே முடியாது. வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், வயிற்றை அழுத்திப் பார்க்கிறார். சென்னையில் வஞ்சிரம் என்பதைக் குமரியில் நெய்மீன் என்பார்கள். அது ஊருக்கு ஊர் மாறும் பெயர், மோசடி இல்லை. மீனுக்கும் உண்பவருக்கும் இடையே கைகள் கூடக் கூட, துண்டு சிறிதாகச் சிறிதாகத்தான் பொய்க்கு இடம் கிடைக்கிறது. ஆனால் சுத்தம் பற்றிய சந்தேகம் எப்போதும் அந்த அம்மாவின் கூடை மேல்தான் விழுகிறது. குளிரூட்டிய கடையின் பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம்.

பச்சைப் புள்ளி யாருக்கு?

நம் நாட்டில் முத்திரைச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. பொட்டல உணவில் சைவத்துக்குப் பச்சை, அசைவத்துக்குப் பழுப்புக் குறி 2001 முதல் கட்டாயம். 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு உணவில் விலங்கிலிருந்து எடுத்த பொருள் எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் அது அசைவம்தான் என்றும், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் கூறியது. தான் உண்பது என்ன என்று அறியும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதை நாமும் ஏற்கிறோம். சைவம் உண்பவருக்கு அந்த உரிமையை மறுக்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

நான் கேட்பது, அதே உரிமை மீனும் கறியும் உண்பவருக்கு எங்கே என்பதுதான். பழுப்புக் குறி அசைவம் என்று சொல்லி நின்றுவிடுகிறது. சைவத்தில் அசைவம் கலந்தால் அது புனிதக் கேடு. கறியில் வேறு கறி கலந்தால் அது வெறும் விலைப் பிரச்சினையாகிவிடுகிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகம் தன் பட்டியலில் கலோரி கணக்கு எழுத வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எந்த மீன் என்று எழுதச் சொல்லி அந்த விதி கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மீன் விற்றால் வணிகப் பெயரோடு அறிவியல் பெயரும், பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடல் பகுதி என்பதும் இருக்க வேண்டும். நம் கரையிலிருந்து அங்கே ஏற்றுமதியாகும் கடலுணவுக்கு அத்தனை தகவலையும் கொடுக்க நம்மால் முடிகிறது. இங்கே உண்பவருக்குக் கொடுக்க மட்டும் முடியவில்லை.

பரிசோதனையும் தீர்ப்பும்

அறிவியல் இல்லாததால் இது நடக்கிறது என்று நினைக்காதீர்கள். மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் படித்து உயிரினத்தை அடையாளம் காணும் முறையைக் கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்தார். ஹைதராபாத்தில் உள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம் எந்த விலங்கின் இறைச்சி என்று கண்டறியும் வேலையைச் செய்கிறது. கருவி ஒன்றுதான். அதை யாருக்காக, யார் மேல் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

2015 செப்டம்பர் 28 இரவு, உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே முகமது அக்லாக்கை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அவர் வீட்டு இறைச்சியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முதல் அறிக்கை ஆடு என்றது, அடுத்த அறிக்கை பசு இனம் என்றது. கொன்றவர்களைப் பற்றி நடக்க வேண்டிய விவாதம், என்ன இறைச்சி என்ற விவாதமாக மாறியது. எந்த இறைச்சியாக இருந்தாலும் அது கொலைதான். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை மாட்டைக் கொன்றதாகச் சொல்லிக் கட்டி வைத்து அடித்தார்கள். அந்த மாட்டைச் சிங்கம் அடித்தது என்று விசாரணை பின்னால் சொன்னது. அடி விழுந்த பிறகு வரும் உண்மையால் யாருக்கு என்ன பயன்?

இதனால்தான் நம் மக்களிடம் இன்னொரு வகைப் பெயர் மாற்றம் இருக்கிறது. வணிகர் லாபத்துக்காகப் பெயரை மாற்றுகிறார். நாம் அச்சத்தால் பெயரை மறைக்கிறோம். மாட்டுக்கறியைப் 'பெரிய கறி' என்கிறோம். வாடகை வீடு தேடும்போது 'நாங்க சைவம்தாங்க' என்கிறோம். அலுவலகத்தில் டிபன் டப்பாவைத் தனியாகத் திறக்கிறோம். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது, மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஊரே அறிந்த உணவுக்குப் பட்டியலில் பெயர் இல்லாமல் செய்வதும் ஒரு பொய் முத்திரைதான். அதை அரசே செய்தது.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவதாக, இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்துவோம். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இன் 50ஆம் பிரிவு, வாங்குகிறவர் கேட்ட பொருளுக்குப் பதில் வேறு தன்மையுள்ள பொருளை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. சிறு வணிகருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய். 40ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. வாங்குகிற எவரும், வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மாணவர் அமைப்புகள் பெரிய அங்காடிகளிலும் சங்கிலி உணவகங்களிலும் மீன் துண்டுகளை வாங்கி இதைச் செய்து பார்க்கலாம். தள்ளுவண்டியில் தொடங்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே போதுமான ஆய்வாளர்கள் நிற்கிறார்கள்.

இரண்டாவதாக, பட்டியலிலும் பொட்டலத்திலும் மீனின், விலங்கின் பெயர் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்போம். அரசு விடுதிகளில் அன்றைய கறி என்ன, எங்கே வாங்கியது என்று பலகையில் எழுதச் சொல்வோம்.

மூன்றாவதாக, சோதனை முடிவு வரும் முன் எந்த அதிகாரியும் விலங்கின் பெயரை ஊடகத்துக்குச் சொல்லக் கூடாது. சொன்னது பொய்யானால், இழந்த வியாபாரத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

நான்காவதாக, ஊர்தோறும் சுத்தமான ஆட்டிறைச்சிக் கூடமும் மாட்டிறைச்சிக் கூடமும் வேண்டும். தண்ணீரும் வடிகாலும் கால்நடை மருத்துவரும் இல்லாத இடத்தில் ஒருவரை வெட்டச் சொல்லிவிட்டு, அவர் தொழிலை அசுத்தம் என்பது அநீதி. அந்தக் கூடங்களில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் நம் உறவுகள்.

1927இல் மகாத்தில் அண்ணல் செத்த மாட்டின் இறைச்சியை விடச் சொன்னார். அடுத்தவர் எறிந்ததை உண்ணும் நிலைக்கு எதிரான சுயமரியாதைக் குரல் அது. அந்தக் குரலின் தொடர்ச்சியாகத்தான் இதைக் கேட்கிறேன். கொடுத்த காசுக்குச் சொன்ன பொருள் வேண்டும், அதன் பெயரைச் சொல்லி உண்ண வேண்டும், அப்படிச் சொன்னதற்காக யாரும் வீட்டையோ வேலையையோ உயிரையோ இழக்கக் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்தே கேட்போம். முதலாவதை மட்டும் கேட்க நுகர்வோர் சங்கங்கள் இருக்கின்றன. மற்ற இரண்டையும் நாம்தான் கேட்டாக வேண்டும்.