டோர்ச்சின் சூட்டைக் குறைப்போம்

(தோட்டத்து இளைஞர்களும் பெற்றோரும் கூடிய மாலை வகுப்பொன்றில், தேயிலைத் தொழிற்சாலை மின்பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்ம மலைத் தண்ணீரில்தான் நாட்டுக்கே வெளிச்சம் வந்தது. லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் டோர்ச் இல்லாத லயக் காம்பராவை நான் பார்த்ததில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம் டோர்ச்தான் நம்மைக் காப்பாற்றியது.

இரவு ஸ்டோர் வேலைக்கு மலைப் பாதையில் போகிறவருக்குப் பெரிய வெளிச்சம் வேண்டும். கைப்பிள்ளைக்குப் பால் கரைக்கும் தாய்க்குச் சின்ன வெளிச்சம் போதும். அதனால்தான் நம்ம பையன்மார் சிலர் ஒரே டோர்ச்சில் இரண்டு நிலை சுவிட்ச் வைத்துக் கொள்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்று பெட்டரி டோர்ச் ஒன்றுக்கு இப்படி ஒரு சுவிட்ச் செய்தேன். நன்றாக எரிந்தது. பிறகு அந்த டோர்ச் கூடு உடைந்து போக, உள்ளே இருந்ததை அப்படியே எடுத்து நாலு பெட்டரிக் கூட்டில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு ராத்திரி அம்மா அதைப் பெரிய வெளிச்சத்தில் வைத்து, அணைக்க மறந்து, கம்பளிக்குள் வைத்தபடி தூங்கிவிட்டார். கருகின வாசம் வந்து தங்கச்சி எழும்பிப் பார்த்தபோது பிளாஸ்டிக் உருகி, கம்பளியில் ஓட்டை. லயம் என்றால் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்தால் எல்லாக் காம்பராவுக்கும் ஆபத்து. பிழை என்னுடையதுதான். ஒரு பெட்டரி கூடினால் என்ன ஆகப்போகிறது என்று கணக்குப் பார்க்காமல் விட்டேன்.

அந்தக் கணக்கைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

பள்ளிப் புத்தகத்தில் தடையி என்பார்கள், கடையில் ரெசிஸ்டர் என்று கேட்க வேண்டும். வெள்ளை எல்.ஈ.டி. பல்புக்கு ஏறக்குறைய 3 வோல்ட் போதும். மூன்று பெட்டரி 4.5 வோல்ட் தரும். மிச்சம் 1.5 வோல்ட். இந்த மிச்சத்தை ரெசிஸ்டர் வாங்கிக்கொண்டு சூடாக மாற்றுகிறது.

மிச்ச வோல்ட்டை ஓமால் வகுத்தால் எத்தனை அம்பியர் ஓடுகிறது என்று தெரியும். ஜெர்மனியைச் சேர்ந்த ஓம் என்ற ஆசிரியர் 1827இல் புத்தகமாக வெளியிட்ட விதி இது. அந்த அம்பியரை மிச்ச வோல்ட்டால் பெருக்கினால் ரெசிஸ்டரில் உண்டாகும் சூடு எத்தனை வாட் என்று தெரியும். இவ்வளவுதான் கணக்கு.

பெரிய வெளிச்சத்துக்கு 0.3 அம்பியர் வேண்டுமென்றால் 1.5ஐ 0.3ஆல் வகுக்க 5 ஓம் வரும். சூடு 0.45 வாட். இதற்குக் கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகிவிடும். அரை வாட்டும் மட்டுமட்டு. டோர்ச்சுக்குள்ளே காற்றோட்டம் இல்லை, அதனால் கணக்கில் வருவதைப்போல இரண்டு மடங்காவது தாங்குவதைப் போடுங்கள். 10 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்தால் 5 ஓம் ஆகிவிடும். சூடு இரண்டு பேருக்கும் பங்காகி, ஒன்றுக்கு 0.225 வாட்தான்.

சின்ன வெளிச்சத்துக்கு 47 ஓம் ஒன்று. ஓடுவது 0.03 அம்பியர் அளவு, சூடு 0.05 வாட்டுக்கும் குறைவு. கால் வாட் தாராளம். பெட்டரியும் பத்து மடங்கு நேரம் நிற்கும்.

இனி என் பிழைக்கு வருவோம். நாலு பெட்டரி 6 வோல்ட். மிச்சம் 3 வோல்ட், அதாவது இரண்டு மடங்கு. அதே 5 ஓமில் ஓடுவது 0.6 அம்பியர். சூடு 1.8 வாட். பாருங்கள், ஒரு பெட்டரி கூடினதற்குச் சூடு நாலு மடங்கு! நாலு பெட்டரிக்கு 10 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் போட்டிருக்க வேண்டும். அப்போதும் சூடு 0.9 வாட். அதே வெளிச்சத்துக்கு மூன்று பெட்டரியைப் போல இரண்டு மடங்கு சூடு.

"பெரிய வாட் ரெசிஸ்டர் போட்டால் சூடு குறையுமா அண்ணே?" என்று தம்பி ஒருவர் கேட்டார். உண்டாகும் சூடு குறையாது தம்பி. உடம்பு பெரியது என்பதால் பரவிப் போகும், அவ்வளவுதான். சூட்டையே குறைக்க இரண்டு வழிதான் உண்டு. மிச்ச வோல்ட்டைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடும் அம்பியரைக் குறைக்க வேண்டும்.

சுவிட்ச் வாங்கும்போது நடுவில் ஆஃப், இரண்டு பக்கமும் ஒன் உள்ள மூன்று கால் சுவிட்ச் கேளுங்கள். நடுக்கால் பெட்டரியின் பிளஸ்ஸுக்கு. ஒரு பக்கக் காலில் 47 ஓம், மறுபக்கக் காலில் அந்த இரண்டு 10 ஓம். மூன்றின் மறுமுனைகளும் பல்பின் பிளஸ்ஸில் சேரும். பல்பின் மைனஸ் பெட்டரியின் மைனஸுக்கு. நிறக்கோடு பார்த்து வாங்குங்கள்: 10 ஓமுக்கு மண்ணிறம், கறுப்பு, கறுப்பு. 47 ஓமுக்கு மஞ்சள், ஊதா, கறுப்பு.

இன்னும் சில சொல்கிறேன். எப்போதும் புதுப் பெட்டரியின் வோல்ட்டை வைத்தே கணக்குப் பாருங்கள். ரெசிஸ்டர் பெட்டரியிலோ பிளாஸ்டிக்கிலோ முட்டக்கூடாது. பல்பும் சுடும், அதை அலுமினியத் தகட்டில் பொருத்துங்கள். பழைய லெப்டொப்பில் கழற்றின லிதியம் பெட்டரி பக்கமே போகாதீர்கள். மூடும் முன்னர் பத்து நிமிடம் எரியவிட்டு, விரலைக் கிட்டக் கொண்டு போய்ப் பாருங்கள். அனல் அடித்தால் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

தாய்மார்களே, பிள்ளை செய்து தந்த டோர்ச் என்றால் சந்தோஷமாக வாங்குங்கள். ஆனால் "எத்தனை பெட்டரிக்குக் கணக்குப் பார்த்தாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதைக் கூட்டின்மேல் எழுதி ஒட்டவும் சொல்லுங்கள். எந்த டோர்ச்சானாலும் தலையணைக்கடியில் வேண்டாம், ஆணியில் தொங்கட்டும்.