பயிர் மஞ்சளிப்பது யார் கோபத்தால்?



வயலில் பயிர் மஞ்சளித்துப் போனால் நம்மவர்களில் எத்தனையோ பேர் இன்றைக்கும் முதலில் போய் நிற்குமிடம் எது? பூசாரியிடமும் ஜோசியரிடமும்தானே? ஒருவர் கண்திருஷ்டி என்று பூசணிக்காய் உடைக்கச் சொல்லுவார். மற்றொருவர் கிரகக் கோளாறு என்று சாந்தி செய்து தட்சணை வைக்கச் சொல்லுவார். பூசணிக்காயும் போகும், பணமும் போகும், பயிர் மாத்திரம் மஞ்சளாகவே இருக்கும். பயிரையே கேட்டால் என்ன என்பதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம்.

இலை பச்சையாயிருப்பதற்குக் காரணம் குளோரோபில் என்னும் பச்சையம். சூரிய வெளிச்சத்தைப் பிடித்துப் பயிருக்கு உணவு சமைப்பது அதுதான். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணுவும், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்களும் உண்டு. நைட்ரஜன் என்பது வேறொன்றுமல்ல. நாம் தழைச்சத்து என்று சொல்லுவதுதான். அது குறைந்தால் பச்சையம் குறையும். பச்சையம் குறைந்தால் இலை வெளுக்கும். இதில் கிரகத்துக்கு என்ன வேலை?

பச்சையம் வெளிச்சத்திலுள்ள சிவப்பை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையோ இலையின் உள்ளமைப்பு பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இந்த ஒன்றை வைத்துக் கொண்டுதான் ஆகாயத்திலிருந்து பயிரை அளக்கிறார்கள். 1972-இல் அமெரிக்கர்கள் லாண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளை அனுப்பினார்கள். டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் அதன் அளவுகளை எடுத்துக் கொண்டு, அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டையும் கூட்டிய தொகையால் வகுத்தார்கள். உதாரணமாக, அகச்சிவப்பு 50, சிவப்பு 5 என்றால் 45-ஐ 55-ஆல் வகுக்க 0.82 வரும், அது நல்ல பயிர். 40-ம் 12-ம் என்றால் 28-ஐ 52-ஆல் வகுக்க 0.54 வரும், அது நலிந்த பயிர். பள்ளிப் பிள்ளைகள் போடும் கணக்கே தவிர, மந்திரம் ஒன்றுமில்லை.

நம் அண்டை நாடாகிய கேரளத்தில் 1970-வாக்கிலேயே விஞ்ஞானி பிஷரோட்டி முதலியவர்கள் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் பிலிமில் தென்னந்தோப்புகளைப் படம்பிடித்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்துக் காட்டினார்கள்.

அந்தப் பழைய கணக்கு, பயிர் அடர்ந்துவிட்டால் மழுங்கிப் போகிறது. ஆகவே சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட விளிம்பைப் பார்க்கிறார்கள். பச்சையம் கூடக் கூட அவ்விளிம்பு அகச்சிவப்புப் பக்கம் நகரும். 2015 முதல் ஐரோப்பியர் அனுப்பி வரும் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்த விளிம்பை 20 மீட்டர் சதுரம், அதாவது சுமார் பத்து சென்ட் நிலம் வீதம் அளக்கின்றன.

தோழர்களே! இதைச் சொன்னவுடன் செயற்கைக்கோளைப் புதுக் கடவுளாக்கி விடாதீர்கள். மேகம் மூடினால் இவற்றுக்குப் பயிர் தெரியாது. தெரிந்தாலும், பச்சை குறைந்தது என்று சொல்லுமேயொழிய, தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, நீர் தேங்கியதா, நோயா என்று அது மாத்திரம் சொல்லிவிடாது. அதனால்தான் வயலில் இறங்கி இலையைப் பறித்து, அசிட்டோனில் அரைத்து, பச்சையத்தை அளந்து ஒப்பிடுகிறார்கள். அர்னான் என்பவர் 1949-இல் வெளியிட்ட முறை இன்றும் இதற்குப் பயன்படுகிறது. என்னைச் சோதித்துப் பார் என்பது விஞ்ஞானம். சந்தேகித்தால் பாவம் என்பது மதம். வித்தியாசம் இவ்வளவுதான்.

மற்றொரு சங்கதி. சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாதென்று சாஸ்திரம் எழுதி வைத்த நாடு இது. லாண்ட்சாட் படங்களோ 2008 முதல் உலகத்தில் எவருக்கும் இலவசம். சென்டினல் படங்களும் அப்படியே. ஜாதி கேட்பதில்லை, தட்சணை கேட்பதில்லை. ஆனால் உழுகிறவனுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? படத்தைக் காட்டிப் பயமுறுத்தி உரம் விற்கும் புதுப் புரோகிதன் ஒருவன் கிளம்புவான். 2023 முதல் பயிர் இன்ஷூரன்ஸில் நெல், கோதுமை விளைச்சலை மதிப்பிடுவதற்குத் தொலையுணர்வு அளவையும் சேர்த்திருக்கிறார்கள். நம் நஷ்டஈட்டை நிர்ணயிக்கும் கணக்கு நமக்கே தெரியாது என்றால் அதைவிட அடிமைத்தனம் வேறு உண்டா? ஆகவே, நம் ஊருக்கு என்ன அளவு வந்தது, எந்தத் தேதியில் எடுத்தது, அன்று மேகம் இருந்ததா, வயலில் இறங்கிச் சரிபார்த்தார்களா என்பதைத் தமிழில் எழுதி ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டவேண்டுமென்று நாம் கேட்க வேண்டும். அது பிச்சையல்ல, உரிமை.

செயற்கைக்கோள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை வண்ண அட்டை என்று ஒன்றுண்டு. வெயில் படாமல் உடம்பால் மறைத்து, நெல்லின் முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட்டு, குறித்த நிறத்திற்குக் கீழே வெளுத்திருந்தால் தழைச்சத்து இடவேண்டும். இல்லாவிட்டால் உரச்செலவு மிச்சம். பூசணிக்காய் உடைக்கும் கையில் அந்த அட்டையைப் பிடியுங்கள். பத்து இலை பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காகக்கூட நம்பாதீர்கள். செய்து பார்த்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.