படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க. "என் பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா. அடுத்து டிசைன் படிக்கணுமாம். சின்னப் பிள்ளைங்க பாடம் படிக்கிற சாமான் செய்யப் போறாளாம். படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா? நர்சிங்கில் சேர்த்துடலாமா?" அன்றைக்கு நேரமாகிவிட்டது, பதில் சொல்லாமல் வந்துவிட்டோம்.

டிசைன் என்றால் ரவிக்கைக் கழுத்து, சேலை பார்டர் என்றுதான் நாம் நினைக்கிறோம். 2007 வாக்கில் நம்ம தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது ஞாபகம் இருக்கா? சுவரில் பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதும் உயரத்துக்குக் கரும்பலகை. அட்டையில் உள்ள சின்னப் படத்தைப் பார்த்தே அடுத்து என்ன செய்யணும் என்று பிள்ளைக்குத் தெரிந்தது. அந்த உயரத்தையும் அந்தப் படத்தையும் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதுதான் இந்த வேலை.

நாங்கள் இதை அடிபட்டுத்தான் கற்றோம். ஒரு அங்கன்வாடிக்கு நம்ம குழுப் பெண்களோடு சேர்ந்து எண்ணும் மணிச் சட்டம் செய்து கொடுத்தோம். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் ஒரு குழந்தை மணியை உருவி வாயில் போட்டுக்கொண்டது. உதவியாளர் அம்மா கவனித்து விரலை விட்டு எடுத்தார், தப்பித்தோம். தப்பு எங்களுடையது. குழந்தை கையில் கொடுத்துப் பார்க்காமலே செய்துவிட்டோம்.

பிறகுதான் தெரிந்தது, பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். வாய் அகலம் ஏறக்குறைய 3 செ.மீ. அதற்குள் முழுசாக அடங்குகிற பொருள் 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கூடாது. பெரிய மணியாக மாற்றினோம். எண் அட்டையும் செய்தோம். எதிரே உட்கார்ந்த பிள்ளை 6-ஐ 9 என்று படித்தது! அடியில் ஒரு கோடு போட்டதும் சரியாயிற்று. செய்வது, பிள்ளை கையில் கொடுப்பது, பேசாமல் பார்ப்பது, திருத்துவது. நாலாவது முறைதான் சரியாக வந்தது.

இதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் உண்டு. அரவிந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினியர். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பேப்பர் இவற்றை வைத்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

படிப்புக்கு வருவோம். அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி. முதலான இடங்களிலும் நாலு வருடப் பட்டப்படிப்பு உண்டு. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் தேர்வுக்கு பன்னிரண்டாவதில் எந்தப் பிரிவு எடுத்தவரும் போகலாம். கணக்கு, அறிவியல்தான் வேண்டும் என்பதில்லை. படம் வரைவதற்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும், இப்போதிருந்தே பழகணும்.

நர்சிங் மாதிரி முடித்ததும் வேலை என்று பொய் சொல்ல மாட்டோம். பொம்மைக் கம்பெனி, புத்தகக் கம்பெனி, செல்போனில் பாடம் செய்கிறவர்கள் என்று வேலை இருக்கிறது, பெரும்பாலும் பெங்களூரு மாதிரி ஊர்களில். பெண்ணைத் தனியாக அனுப்பணும். கல்லூரிக் கட்டணமும் அதிகம், வங்கியில் கல்விக் கடன் கேட்க வேண்டி வரும். அக்கா பயப்படுவதில் நியாயம் இருக்கு. ஆனால் அந்தப் பொண்ணு தன் தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லித்தர காலண்டர் அட்டையில் ஒரு சக்கரம் செய்திருக்கிறாள். திருப்பினால் விடை தெரியுது. மூணு தடவை பிரித்து மறுபடி செய்தாளாம்!

தேர்வுக் கட்டணத்துக்கும் போய்வரும் செலவுக்கும் அக்கா குழுவில் கடன் கேட்டிருக்காங்க. தீர்மான நோட்டில் இன்னும் ஏறவில்லை. ஊக்குநர் இங்கேதான் இருக்காங்க, நோட்டும் இருக்கு. டீ குடிக்கிறதுக்கு முன்னால் அதை எடுத்துக்கலாமா?